பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல சாப்பாடு: எந்தப் பொருளை எங்கே வாங்குவது?

நாலு பேர் உள்ள வீடு. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், முட்டை எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆனால் தட்டில் விழுவது உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும். விளைவித்தவருக்கும் சுமந்து வந்தவருக்கும் நியாயமான காசு போய்ச் சேர வேண்டும். முடிந்தவரை மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைந்திருக்க வேண்டும். இதெல்லாம் அந்தப் பணத்துக்குள் அடங்குமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது மதுரை, அதனால் எடுத்துக்காட்டுகள் இந்தப் பக்கத்தவை. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே வரும் தொகைகளில் அரசு நிர்ணயித்தவை தவிர மற்றவற்றைக் கணக்குப் போடும் வழியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் இந்த யோசனையை ஆர்கானிக் கடைக்கு மாறிவிடலாமா என்ற இடத்தில் தொடங்குகிறார்கள். ஒரு முறை போய் விலையைப் பார்த்துவிட்டு, நமக்குக் கட்டுப்படியாகாது என்று பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுகிறார்கள். ரேஷன் கடை, உழவர் சந்தை, அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், இயற்கை அங்காடி, விவசாயியிடம் நேரடியாக வாங்குவது என்று நம் முன்னால் இருக்கிற வழிகளில் எதுவுமே எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. ஒவ்வொன்றும் சில பொருளுக்கு மட்டும் மிக நல்லது. ஆகவே பொருளை முன்னால் வைத்து, அதற்கு எந்தக் கடை என்று பார்ப்போம்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்கிறது. நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். சோறு இந்த அளவைத் தாண்டியிருக்கும், காய் பாதி கூட இருக்காது. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ காய்கறி வேண்டும். சராசரியாகக் கிலோ 40 ரூபாய்க்குக் கிடைத்தால் 1,920 ரூபாய். அதே காயை 90 ரூபாய்க்கு ஆர்கானிக் கடையில் வாங்கினால் 4,320 ரூபாய். பத்தாயிரத்தில் கிட்டத்தட்ட பாதி! அப்படி வாங்கும் வீட்டில் என்ன நடக்கும்? கொஞ்சமாக வாங்குவார்கள், கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். மருந்து அடித்த காயை நன்றாகக் கழுவி நிறையச் சாப்பிடுவதா, மருந்து அடிக்காத காயைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சாப்பிடுவதா என்று வந்தால், நான் முதலாவதைத்தான் சொல்வேன். கையில் காசு குறைவாக இருக்கும்போது அளவும் வகையும்தான் முதலில் வர வேண்டும். முத்திரை அப்புறம்.

காய்கறிக்கு உழவர் சந்தை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திராவின் ரைத்து பஜார் ஆகியவற்றின் வழியில் வந்த யோசனை. அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் தோட்டத்துக் காயைத் தானே கொண்டுவந்து விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், தரகு கிடையாது. தினமும் காலையில் மொத்தச் சந்தை விலையைப் பார்த்து அதிகாரிகள் அன்றைய விலையைப் போர்டில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதுதான் தொடக்கத்திலிருந்து சொல்லப்படும் அளவுகோல். வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் லாபம் என்ற ஏற்பாடு வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

குறை இல்லாமல் இல்லை. காலை ஆறு, ஏழு மணிக்குள் போனால்தான் நல்ல காய் கிடைக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய தடை. வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் காலையில் கை ஓய்வாக இருக்கும் ஆண் போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இன்னொன்று, வியாபாரிகளும் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் என்ற புகார் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரே கடையில் பன்னிரண்டு வகைக் காய் பளபளப்பாக அடுக்கியிருந்தால் சந்தேகப்படலாம். சொந்தத் தோட்டத்திலிருந்து வருபவரிடம் அன்றைக்குப் பறித்த இரண்டு மூன்று வகைதான் இருக்கும், அளவும் ஒரே சீராக இருக்காது. கேரட், பீட்ரூட் போன்ற மலைக்காய்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உழவர் சந்தைக் காய் என்றாலே மருந்து அடிக்காத காய் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சில சந்தைகளில் இயற்கை விளைபொருளுக்குத் தனிக் கடை ஒதுக்குகிறார்கள், மற்றதெல்லாம் வழக்கமான சாகுபடிதான். ஆனால் இங்கே ஒரு வசதி இருக்கிறது: பயிர் வைத்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். “மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு அண்ணே?” என்று கேட்கலாம். அடித்த பின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் இடைவெளி உண்டு. வாடிக்கையாகப் போனால் மறைக்காமல் சொல்வார்கள்.

எந்தக் காயை எடுப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கத்தரி, காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், பச்சை மிளகாய், வெண்டை, திராட்சை ஆகியவற்றுக்குப் பூச்சித் தொல்லை அதிகம், மருந்தும் அதிகம். பரங்கி, சுரை, சேனை, சேப்பங்கிழங்கு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பப்பாளி ஆகியவற்றுக்குப் பொதுவாகக் குறைவு. விலையும் பெரும்பாலும் இரண்டாவது வரிசைக்குத்தான் குறைவு. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் மருந்து குறைகிறது. மேலே தங்கியிருக்கும் மருந்தில் ஒரு பகுதி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்புப் போட்டு ஊறவைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் அலசினால் போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவினால் போகாது. கறிவேப்பிலைக்கு மட்டும் நான் யாரையும் கடைக்கு அனுப்ப மாட்டேன். ஒரு தொட்டி போதும், வீட்டிலேயே வளரும்.

சந்தைக்குப் போக முடியாத நாளில் தெருவில் வரும் தள்ளுவண்டி. கிலோவுக்கு ஐந்து பத்து கூட இருக்கும். அந்த ஐந்து பத்துதான் வெயிலில் வண்டி தள்ளுகிறவரின் கூலி. அவரிடம் பேரம் பேசாமல் வாங்குவதும் நான் சொல்கிற நியாயத்தில் சேர்த்திதான். கீரை விற்கும் பாட்டியிடமும் அப்படியே. கீரையில் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஊருக்குள் சாக்கடை கலந்த வாய்க்கால் ஓரம் விளையும் கீரைக்கு மருந்தே அடிக்காவிட்டாலும் அது நல்ல கீரை ஆகாது. எந்த ஊர்க் கீரை என்று கேட்டு வாங்குங்கள்.

அரிசி: ரேஷனா, சிப்பமா, பாரம்பரியமா

இங்கேதான் அதிகமான மனத்தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நடுத்தர வீடுகளில் பலர் அதை வாங்குவதில்லை, அல்லது வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். எதிரில் நிற்கும் தேர்வு கடையில் பையாக விற்கும் பொன்னி அரிசி, அதாவது சிப்பம். அதைத் தாண்டி மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் போன்ற பாரம்பரிய ரகங்கள்.

விவசாயிக்குப் போய்ச் சேரும் காசு என்ற கண்ணில் பார்த்தால் ரேஷன் அரிசி மோசமில்லை. டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அரசு விலைக்கு வாங்கிய நெல்தான் அதில் ஒரு பகுதி. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், சாதா ரகம் 2,500 ரூபாய் என்று விலை வைத்தார்கள். தனியாருக்கு விற்கும்போது இந்த விலை கிடைக்கும் என்று உறுதி இல்லை. உடம்பைப் பொறுத்தவரை, புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட மேல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். சில வருஷமாக ரேஷனில் வந்தது செறிவூட்டிய அரிசி. அதில் நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்த மணி கலந்திருக்கும். கொஞ்சம் மஞ்சளாக, தண்ணீரில் மிதந்து தெரியும் அந்த மணிகளைத்தான் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அது அரிசி மாவில் செய்தது. எறிய வேண்டாம். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணமும் பதமும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பது உண்மை. சோறாகப் பிடிக்காவிட்டால் இட்லி, தோசை, ஆப்பம், புட்டு மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அதிலேயே மாதம் எட்டு பத்து கிலோ கடையில் வாங்குவது மிச்சமாகும். வசதி உள்ளவர் ரேஷன் வாங்கலாமா என்று கேட்பார்கள். சமைத்துச் சாப்பிடுவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம், திட்டமே எல்லோருக்குமானதுதான். சாப்பிடப் போவதில்லை என்றால் வாங்கி வெளியில் விற்பது நிச்சயம் நியாயம் இல்லை. அந்த அரிசிதான் மூட்டை மூட்டையாகக் கடத்தலுக்குப் போகிறது.

சிப்பம் வாங்குபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். 25 கிலோ வரை பையிலிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கடைகளில் 26 கிலோ பை முளைத்தது அதனால்தான். ஒரு கிலோ, ஐந்து கிலோ பைகளில் வாங்குபவருக்குத்தான் வரி விழுகிறது. மூட்டையிலிருந்து அளந்து கொடுப்பதற்கும் வரி இல்லை.

பாரம்பரிய ரகங்களைப் பற்றி எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதும், நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்து, விதையை விவசாயிகள் கையில் பரப்பியதும் இல்லாவிட்டால் இவற்றில் பல இன்று பெயராகக்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் கருப்புக் கவுனி கிலோ 150, 200 ரூபாய் என்று விற்கும்போது அதை அன்றாடச் சோறாக்க இந்தப் பட்ஜெட்டில் முடியாது. மாதம் இரண்டு மூன்று கிலோ, வாரத்துக்கு ஒரு நாள் கஞ்சிக்கோ கூழுக்கோ என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வாங்கினாலும் அதைப் பயிரிடுபவருக்கு அடுத்த போகத்துக்குத் தைரியம் வரும். தவிடு நீக்காத அரிசியை அதற்கு மேல் வாங்கி வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், பூச்சியும் பிடிக்கும்.

நார்ச்சத்து, கால்சியம்தான் வேண்டும் என்றால் கேழ்வரகும் கம்பும் அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு விலையில் செய்யும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முழுசாக அரைபடுவதால் தவிடும் உள்ளேயே இருக்கும். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், அதாவது கிலோ 49 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. அதே தானியத்தைக் கொஞ்சமாகக் கலந்து, சர்க்கரையும் பவுடர் பாலும் சேர்த்து, டப்பாவில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்பதை வாங்காதீர்கள். தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் அரைத்துக்கொண்டால் சத்துமாவு ஆகிவிடும். சாமை, தினை, குதிரைவாலி வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்றிருந்தால் நன்றாகத் தீட்டியது, கொஞ்சம் மங்கலாகப் பழுப்பாக இருப்பதில்தான் தவிடு மிச்சம் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரியில் குதிரைவாலி நன்றாக விளைகிறது. இந்தப் பக்கம் இருப்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம்.

பருப்பும் மசாலாவும்

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அதை விடக் கூடாது. நாலு பேருக்கு மாதம் பத்து கிலோ பருப்பும் பயறும் வேண்டும் என்பதால் மீதிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். இதில் அண்ணாச்சி கடைக்கும் மொத்தக் கடைக்கும் ஈடு இல்லை. மதுரையில் கீழமாசி வீதியில் ஐந்து கிலோவாக வாங்கினால் விலை நன்றாகவே குறையும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

துவரையையே பிடித்துக்கொண்டு இருக்காமல் கொள்ளு, தட்டைப்பயறு, முழுப் பாசிப்பயறு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை என்று மாற்றினால் செலவும் குறையும். தோலோடு இருப்பதால் நாரும் கிடைக்கும், கலப்படத்துக்கும் இடம் குறைவு. உடைத்த துவரம்பருப்பில்தான் கேசரிப் பருப்பு கலப்பார்கள். துவரை மணி வட்டமாக இருக்கும், கேசரி ஒரு பக்கம் சரிந்து சதுர வாட்டத்தில் இருக்கும். கையில் பரப்பிப் பார்த்தால் தெரியும். மல்லி, மிளகாய் வத்தல், விரலி மஞ்சள் மூன்றையும் முழுசாகத்தான் வாங்க வேண்டும். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன நிறம் சேர்த்தார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. மாசி, பங்குனியில் புது வரத்து வரும்போது புளியும் வத்தலும் வருஷத்துக்கு வாங்கி வெயிலில் காயவைத்து வைத்துக்கொள்வது நம் வீடுகளில் இருந்த பழக்கம். ஒரே மாதத்தில் செலவு கூடுவதுபோல் தெரிந்தாலும் வருஷக் கணக்கில் மிச்சம்தான்.

அண்ணாச்சி கடையை விலை ஒன்றை வைத்து மட்டும் எடை போடக் கூடாது. தினக்கூலி வாங்குபவருக்கு 50 கிராம் எண்ணெய், 100 கிராம் பருப்பு அளந்து கொடுப்பதும், சம்பளம் வரும் வரை கடன் நோட்டில் எழுதிக்கொள்வதும் அந்தக் கடைதான். நம்மைப் போன்றவர்கள் எல்லோரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கடை மூடிவிடும், பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

எண்ணெயில் மட்டும் கை தாராளமாக இருக்கலாம்

கூடுதல் காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டிய ஒரு பொருளைச் சொல் என்றால் எண்ணெயைச் சொல்வேன். எதிரெதிரே இருப்பவை: ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், பாக்கெட் சூரியகாந்தி ரீஃபைண்ட் எண்ணெய், மரச்செக்குக் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி, அளவு மீறினால் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது, சூரியகாந்தியில் பெரும்பகுதி ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து. நம் ஊர்க் கடலை, எள் விவசாயி இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை.

விலையை எப்படிச் சமாளிப்பது? ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில் ஒருவருக்கு நாளைக்கு எண்ணெய் 27 கிராம், நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். பல வீட்டில் ஐந்து லிட்டர் தீர்கிறது. ரீஃபைண்ட் 150 ரூபாய் என்றால் ஐந்து லிட்டருக்கு 750. செக்கு எண்ணெய் 280 ரூபாய் என்றால் மூன்றரை லிட்டருக்கு 980. வித்தியாசம் 230 ரூபாய்தான், பொரிப்பதைக் குறைத்ததால் வந்த நன்மை தனி. செக்கில் ஆட்டியது என்பதற்காக அளவில்லாமல் ஊற்றினால் அதுவும் கொழுப்புதான்.

கலப்படமா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் பருப்புக்கே 300. புண்ணாக்கு விற்ற காசில் கொஞ்சம் திரும்பி வரும், ஆட்டுக்கூலி மேலே ஏறும். அன்றைய பருப்பு விலை இப்படி இருக்கையில் ‘மரச்செக்குக் கடலை எண்ணெய் 180 ரூபாய்’ என்று எவராவது விற்றால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வேண்டும். வழி இருந்தால் பருப்பை நாமே வாங்கிக் கொண்டுபோய்ச் செக்கில் ஆட்டி வரலாம்.

சூப்பர் மார்க்கெட்டும் செயலியும்

சூப்பர் மார்க்கெட்டின் ஒரே பலம் லேபிள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ‘பல தானிய பிஸ்கட்’டைத் திருப்பிப் பாருங்கள், முதல் பெயர் மைதாவாக இருந்தால் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மைதா பிஸ்கட். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளைப் பார்த்து, சர்க்கரை கலந்த மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது நினைவிருக்கலாம். சலுகை விலையில் சோப்பும் துடைப்பமும் வாங்கப் போகலாம். கையில் பட்டியல் இல்லாமல் மட்டும் போக வேண்டாம்.

சில நிமிடங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளை அன்றாட மளிகைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நினைத்த நேரத்தில் வாங்கப் பழகினால் நொறுக்குத்தீனிதான் அதிகம் வரும். கொண்டுவரும் பையன்களுக்கு நிலையான சம்பளமும் இல்லை. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் அவர்களுக்கு நலவாரியம் அமைத்தது நல்ல தொடக்கம், ஆனால் வெயிலிலும் மழையிலும் அந்த அவசரம் அப்படியே இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி என்பதையும் மறுக்க முடியாது.

இயற்கை அங்காடியில் எதைப் பார்ப்பது

‘நாட்டு’, ‘இயற்கை’, ‘பாரம்பரிய’, ‘கெமிக்கல் இல்லாதது’ என்ற சொற்களைப் பையில் பார்த்ததும் யாரோ சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று நம்பிவிட வேண்டாம். ஆர்கானிக் என்று பையில் போட்டு விற்றால் நிலைமை வேறு. 2018 ஜூலை முதல் அதற்கு மத்திய அரசின் என்.பி.ஓ.பி. சான்று அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்று வேண்டும், ஜெய்விக் பாரத் முத்திரையும் இருக்க வேண்டும். முதலாவதில் சான்றளிக்கும் அமைப்பு வந்து சோதிக்கும். தமிழ்நாட்டில் அரசே கோவையில் விதைச்சான்றுத் துறையோடு சேர்ந்த அங்ககச் சான்றளிப்புப் பிரிவை நடத்துகிறது. இரண்டாவதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிகளுக்கு ஏற்றது. வாங்குபவரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு, அங்கே முத்திரை இல்லாதது குற்றமில்லை.

பி.ஜி.எஸ்.ஸில் ‘கிரீன்’ என்று ஒரு நிலை இருக்கிறது. ரசாயனத்தை விட்டுவிட்டு, முழுச் சான்று கிடைக்கக் காத்திருக்கும் நிலம். ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருஷம், மரப்பயிருக்கு மூன்று வருஷம் இப்படிக் கடக்க வேண்டும். விளைச்சல் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. பலர் மனம் தளர்ந்து பழையபடி திரும்புவது இந்த வருஷங்களில்தான். விலையும் கொஞ்சம் குறைவாக இருக்கும் இந்தப் பொருளை வாங்குவதுதான் நம் காசுக்கு அதிகப் பயன் என்று நினைக்கிறேன்.

வாங்கத் தேவையில்லாதவை: ஆர்கானிக் சர்க்கரை, ஆர்கானிக் பிஸ்கட், இளஞ்சிவப்பு உப்பு. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், அளவு குறைத்தால்தான் பயன். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தவிருங்கள், வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுகிறார்கள். உப்புக்கு ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனம் எடுக்கும் அயோடின் சேர்த்த உப்பு போதும். டீத்தூளுக்கு நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சேர்த்து நடத்தும் இண்ட்கோசர்வ் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே உருவானவை. இரண்டும் அதிக விலையில்லை.

பால், முட்டை, மீன்

பாலுக்கு ஆவின். கிராமத்துச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் மாடு வளர்ப்பவருக்குப் போகும் பங்கு நமக்குத் தெரிந்த கணக்கு. பெரியவர்களுக்கு 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட் போதும். நாட்டு மாட்டுப் பால் என்று இரண்டு மடங்கு விலையில் வரும் ஏ2 பாலுக்கு அந்தக் காசுக்கு ஏற்ற நன்மை இருப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கலாம்.

முட்டையில் எனக்கு மனது ஒப்பவில்லை, ஆனாலும் வாங்கச் சொல்கிறேன். நாமக்கல் முட்டையில் பெரும்பாலானது, இறக்கை விரிக்க இடமில்லாத கூண்டுக் கோழியிடமிருந்து வருகிறது. அது கொடுமைதான். ஆனால் வளரும் பிள்ளைக்கு இந்த விலையில் இவ்வளவு நல்ல புரதம் வேறு இல்லை. கூண்டில்லாத முட்டை இரண்டு மூன்று மடங்கு. பக்கத்து வீட்டில், ஊரில் கோழி வளர்ப்பவர் இருந்தால் அவரிடம் வாங்குவது முதல் வழி. ஓடு பழுப்பாக இருப்பதால் மட்டும் அது நாட்டுக்கோழி முட்டை ஆகிவிடாது, அது கோழி இனத்தைப் பொறுத்த நிறம்.

மீனில் மலிவும் நியாயமும் ஒரே பக்கம் இருக்கின்றன. வஞ்சிரத்தை விட்டுவிட்டு மத்தி, நெத்திலி, அயிலை வாங்குங்கள். ஒமேகா-3 கொழுப்பு நிறைய, சின்ன மீன் என்பதால் பாதரசம் குறைவு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் கருவாட்டுக்கும் பயறுக்கும் மாறிக்கொள்ளலாம். பெரிய வகை மீனின் குஞ்சுகளைக் கூறு கட்டி விற்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

விவசாயியிடம் நேரடியாக

மேலே சொன்ன வழிகளில் மாதம் ஆயிரம் ரூபாயாவது மிஞ்சும். அதை இங்கே போடலாம். ஒரு குடியிருப்பில் பத்து வீடு சேர்ந்தால் ஒரு விவசாயியிடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ மூட்டைக் கணக்கில் அரிசி, பருப்பு, சிறுதானியம், எண்ணெய் எடுக்கலாம். தினசரிக் காய்க்கு இது சரிவராது, கெட்டுப்போகும், வண்டிச் செலவு கட்டாது. கேட்க வேண்டியவை: எத்தனை வருஷமாக ரசாயனம் இல்லாமல் செய்கிறீர்கள், அடியுரம் என்ன, பூச்சிக்கு என்ன அடித்தீர்கள், பக்கத்து வயலில் என்ன பயிர், எங்கே அரைத்தீர்கள். ஒரு முறை வயலுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள், தயங்காமல் வரச் சொல்பவரிடம் தொடருங்கள்.

பதிலுக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் மூட்டையில் கொஞ்சம் நொய் இருந்தது, கல் இருந்தது என்று அடுத்த மாதமே கைவிட்டால் அவர் திரும்ப வியாபாரியிடம்தான் போவார். குறையைச் சொல்லுங்கள், ஒரு போகமாவது நில்லுங்கள். சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். பத்து வீடும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் விதைப்புக்கு முன்னால் முன்பணமாகக் கொடுத்தால் ஐயாயிரம் ஆகிறது. விதைக்கும் உழவு கூலிக்கும் கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் நிலையில் இருக்கும் சிறு விவசாயிக்கு, அறுவடை முடிந்து நாம் கொடுக்கும் கூடுதல் விலையைவிட அந்த ஐயாயிரம் அதிகம் உதவும். மகசூல் பொய்த்தால் என்ன செய்வது என்பதையும் கொடுக்கும்போதே பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.